திறந்த இடம் சொல்லும் பெட்டி

பெருநாளுக்கு வரும் இனிப்புப் பெட்டியை ஜோர்டானின் அம்மான் நகரில் யாரும் பிரிப்பதில்லை. வந்த பெட்டி அலமாரிக்கு மேல் ஏறும், யார் வீட்டுக்காவது போக வேண்டியிருந்தால் இறங்கும். ஒரு வருஷம் நான் என் நாத்தனாருக்குக் கொடுத்த பெட்டி ஊரெல்லாம் சுற்றி என் மாமியார் கையாலேயே எனக்குத் திரும்பி வந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

இந்தப் பழக்கத்தை மாற்றப் போவதாகக் கிளம்பினான் முஹன்னத், நான் கல்லா பார்க்கும் இனிப்புக் கடை முதலாளியின் மகன். பெட்டிக்குள்ளே, மூடியின் அடியில், ஒரு கியூஆர் கோடு அச்சடித்தான். போனைக் காட்டினால், உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட எந்த மஃமூலில் பிஸ்தா, எதில் வால்நட், எதில் வெறும் பேரீச்சம்பழம் என்று சொல்லும். கொட்டைப் பருப்பு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவனை வாழ்த்தினார்கள், நானும்தான். பெட்டி வாங்கியவர் தன் வாழ்த்தைத் தன் குரலிலேயே பதிந்து வைக்கலாம். ஜெர்மனியிலிருந்து ஒருவன் ஆர்டர் போட்டு அனுப்பிய பெட்டியை அவன் அம்மா எங்கள் கடையிலேயே திறந்து, குரலைக் கேட்டு, அழுது, என் கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். திறக்கிறவரிடம் போன், "இருக்கும் இடத்தைச் சொன்னால் தள்ளுபடி" என்று கேட்கும். சரி என்று அழுத்தினால், பெட்டி வாங்கியவருக்கு ஒரு வரைபடம் போகும்: உங்கள் பரிசு இங்கே திறக்கப்பட்டது. தள்ளுபடி என்றால் எங்கள் ஆட்கள் எதையும் அழுத்துவார்கள்.

குரல்களைக் கேட்டுப் பார்த்து அனுமதிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. எவனோ மைத்துனனைக் கெட்ட வார்த்தையில் வாழ்த்திவிட்டானாம். விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த அன்று காலை, கல்லாவில் உட்கார்ந்து, பெருநாள் கூட்டத்தில் தேங்கிப்போனவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் மெல்லிய குரலில், கொஞ்சலாக வந்தது.

"ரஃபீஃப்... குருவிக்குட்டி... அப்பா வந்துட்டேன்டா. கதவத் திற."

எனக்கு ஒரு ரஃபீஃபைத்தான் தெரியும். பெட்டி போன முகவரியைப் பார்த்தேன். உம்மு சுஃப்யானின் வீடு. அனுப்பியவர் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று குறிப்பு. வாங்கியவன் பெயர் வஜ்தி.

உம்மு சுஃப்யான் எங்கள் பழைய வாடிக்கை. அவள் மகள் சௌசனின் புருஷன் இந்த வஜ்தி, அவள் கையை முறித்தவன். பிள்ளை ரஃபீஃபைத் தூக்கிக்கொண்டு சௌசன் எங்கேயோ ஓடிப்போய் ஒளிந்திருந்தாள். எந்த ஊர் என்று உம்மு சுஃப்யான் என்னிடம்கூடச் சொன்னதில்லை. வஜ்தி அவளிடம் போய்க் கேட்கவும் இல்லை. மாமியார் பெட்டியைப் பிரிக்க மாட்டாள், பிஸ்தா மஃமூல் என்றால் மகளுக்குத்தான் அனுப்புவாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

குரலைத் தடுத்தேன். இடம் போவதை என்னால் தடுக்க முடியாது. உம்மு சுஃப்யானுக்குப் போன் போட்டேன்.

"அந்தப் பெட்டியத் திறந்தீங்களா?"

"நான் ஏன்மா திறக்கப்போறேன்? பஸ் டிரைவர்கிட்ட குடுத்து அன்னிக்கே அனுப்பிட்டேன்."

விஷயத்தைச் சொன்னேன். பதறிப்போய் வைத்தவள் சற்று நேரத்தில் சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"பயப்படாத மகளே! எம்பொண்ணு என்ன மாதிரிதான். அவளும் பிரிக்கல. காலைல பிள்ளகிட்ட குடுத்து டீச்சருக்கு அனுப்பிட்டாளாம். பீடை தொலஞ்சுது!"

அவளுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. டீச்சர்கள் அறையில் தேநீர் வரும், பெட்டி திறக்கும், நாலு பேர் தள்ளுபடிக்குப் போனை நீட்டுவார்கள்.

முஹன்னத்திடம் ஓடினேன்.

"ஒரு பெட்டிய மட்டும் நிறுத்த முடியாதுக்கா. எல்லாத்தையும் நிறுத்தணும். அப்பா என்னைய உயிரோட விட மாட்டாரு."

"அங்க ஒருத்தி உயிரோட இருக்கணும்டா!"

"போலீசுக்குச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல? பெருநாளுக்கு இனிப்பு அனுப்பினான்னா?"

அவன் போனில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அந்தப் போனைப் பிடுங்கி நெய்க் கொப்பரையில் போட்டிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது கல்லாவுக்கு முன்னால் அவர் நின்றார். பெருநாளிலிருந்து தினமும் வருகிறவர். மரியாதையான மனிதர், சீராக வெட்டிய தாடி. வருவார், ருசி பார்க்க ஒன்று எடுப்பார், "என் பெட்டிய இன்னும் யாரும் திறக்கலையே தங்கச்சி, கோடு வேலை செய்யுதா?" என்று கேட்பார். நானும் சிரித்து, "நம்ம ஆளுங்க பிரிக்கிறதுக்குள்ள அடுத்த பெருநாள் வந்துடும்" என்பேன். அவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. இன்று கேட்கத் தேவை இருக்கவில்லை. அவர் வாயைத் திறந்ததுமே காலையில் கேட்ட அந்தக் கொஞ்சல் குரல் தெரிந்தது.

"இன்னிக்காவது திறப்பாங்களா, தங்கச்சி?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் போன் மணியடித்தது. பார்த்தான். விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினான். என் பக்கமும் திருப்பிக் காட்டினான்.

"கெரக் ஊராம். பெண்கள் பள்ளிக்கூடம்."

அவன் ஒரு மஃமூலை எடுத்துக் கடித்து, நிதானமாக மென்றான்.

"பள்ளிக்கூடமெல்லாம் இன்னிக்கு எத்தன மணிக்கு விடுவாங்க? உங்களுக்குத்தான் பிள்ளைங்க இருக்கே."

கெரக் போக இரண்டு மணி நேரம். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

"இன்னிக்கு முதல் நாள்ல? சும்மா பேருக்குத்தான். இந்நேரம் விட்டிருப்பாங்க. நீங்க போறதுக்குள்ள ஒரு ஈ காக்கா இருக்காது."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். என்னை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தான்.

"நான் போறேன்னு சொல்லவே இல்லையே."

உதட்டில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டான்.

"நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுறவன், தங்கச்சி. இன்னிக்கும் காலைல பிள்ளைங்களக் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் இங்க வர்றேன். இன்னிக்கு முழுநாள்." குரல் உயரவே இல்லை. "நம்ம ஊர்ல ஒரு பெட்டி பத்து கை மாறும். எந்த டீச்சருக்கு எவ குடுத்தாளோ, நான் எங்கேன்னு போய்த் தேடுறதுன்னு நினச்சேன். உங்களுக்கு அவங்களத் தெரியும்போல. அங்கதான் இருக்காங்க, இல்ல?"

நான் இல்லை என்றேன். எந்தக் குரலில் சொன்னேனோ, அவன் தலையை மட்டும் ஆட்டினான். சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் வந்த ஒரு கிழவருக்குக் கதவைப் பிடித்து வழிவிட்டு வெளியே போனான்.

வேன் கிளம்பும்போது உம்மு சுஃப்யான் போனை எடுத்துவிட்டாள்.

"பிள்ளய உடனே பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிக்கச் சொல்லுங்க. வீட்டுக்குப் போக வேண்டாம். ஊரைவிட்டே கிளம்பச் சொல்லுங்க."

"ஏன் மகளே? பெட்டிதான் டீச்சர்கிட்ட இருக்கே. அவனுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லிட்டேன்," என்றேன். "உங்க பேத்திய நான்தான் காட்டிக் குடுத்துட்டேன்."