லிசாந்த்ரோவுக்கு ஒரு ஹாரன்

என் தம்பி தன்னுடைய அனிமீத்தாவுக்குத் தானே ஹாரன் அடித்தான். பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி, வழக்கம்போல இரண்டு தடவை. அடித்து முடித்த பிறகுதான் பலகையிலிருந்த பெயரைப் பார்த்தான்.

"நிறுத்துக்கா," என்றான்.

எங்கள் பக்கத்தில் சாலையில் செத்தவனுக்கு உயிர் போன இடத்திலேயே ஒரு சின்ன வீடு கட்டிவிடுவோம், நாய்க்கூண்டு அளவுக்கு. அதுதான் அனிமீத்தா. ஹாரன் அடிக்காமல் அதைக் கடந்து போக எந்த டிரைவருக்கும் மனசு வராது. என் தம்பி லிசாந்த்ரோவுக்கு அம்மா கட்டியது நீல நிறத்தில். அவன் ஹாரன் அடித்த நாளுக்கு ஆறு வருடம் முன்னால், வல்லெனாரிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவன் ஓட்டிவந்த லாரி கவிழ்ந்து எரிந்துவிட்டது. உள்ளே கிடைத்த உடம்பை யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை. லாரி அவனுடையது, அதனால் உடம்பும் அவனுடையது என்று முடிவாயிற்று. அழுதோம், புதைத்தோம். அம்மா திங்கட்கிழமை தவறாமல் போய்த் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டு வருவாள். பாலைவனத்தில் செத்தவனுக்குத் தாகம் எடுக்கும் என்பது அவள் கவலை.

நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். ஒருநாள் வடக்கேயிருந்து வந்த டிரைவர் ஒருவர், "யாஸ்னா, அரிக்கால ஒரு பஞ்சர் கடையில உன் தம்பிய அச்சுல வார்த்த மாதிரி ஒருத்தன பாத்தேன். பேர் கேட்டா முகத்த திருப்பிக்கிறான்," என்றார். அம்மாவிடம் மூச்சு விடவில்லை. பிக்கப்பை எடுத்துக்கொண்டு ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் போனேன். டயருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை நிமிர்த்தி, முதலில் ஓர் அறை விட்டேன். கட்டிப்பிடித்தது அப்புறம்தான்.

"அம்மா எப்படியிருக்கா?"

"உனக்குத் தண்ணி ஊத்திட்டிருக்கா. ஏறு வண்டியில."

ஏறினான். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்றுவிட்டான். இரண்டு நாளும் நான்தான் ஓட்டினேன். மரம் இல்லை, புல் இல்லை. ஒரு மலையைத் தாண்டினால் அதே மலை மறுபடி வந்து நிற்கும். அவனோ நெருப்பில் உட்கார்ந்தவன்போல நெளிந்துகொண்டே வந்தான். ஜன்னலை இறக்குவான், ஏற்றுவான். மாண்டரின் ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாக என் வாயில் திணிப்பான். ஒவ்வோர் அனிமீத்தாவுக்கும் குறுக்கே பாய்ந்து ஹாரன் அடிப்பான். நான் ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தால் தோளைப் பிடித்து உலுக்குவான்.

"தூங்கறியாக்கா?"

"நீ இப்படி உலுக்கினா செத்தவனே எந்திரிச்சுக்குவான். கைய எடுடா."

அன்தொஃபகஸ்தாவைத் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான். லாரி கவிழ்ந்த அன்று, இரண்டு நாளாகத் தூக்கம் இல்லாமல் ஓட்டியிருக்கிறான். கொப்பியாப்போவில் ஒரு ஆளை ஏற்றியிருக்கிறான். நோல்பெர்த்தோ என்று பெயர், தெற்கே ஒவாயேக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போகிறவன். நீ தூங்கிவிடாதே என்று அந்த ஆள்தான் சுளை சுளையாக உரித்துக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். பிறகு அவனே கண்ணயர்ந்துவிட்டான். அதைப் பார்த்த இவனுக்கும் கண் செருகியிருக்கிறது.

"நான் வெளிய போய் விழுந்துட்டேன். அவன் உள்ள. கிட்டவே போக முடியலக்கா. போலீஸ் பிடிக்கும்னு பயந்து வடக்க போற லாரில ஏறிட்டேன். மறுநாள் ரேடியோல என் பேரச் சொல்லி செத்துட்டான்னு சொன்னாங்க. செத்தவன யாரும் தேட மாட்டாங்கல்ல?"

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஆறு வருடம் ஊரான் பிள்ளைக்கு அழுதிருக்கிறோம். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கூத்தாடிக்கொண்டிருந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். அம்மா முன்னால் இவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த நினைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் தனக்கே ஹாரன் அடித்தான்.

அனிமீத்தாவைச் சுற்றி ஏகப்பட்ட பலகைகள். எங்கள் லிசாந்த்ரோ இதற்குள் அற்புதம் செய்கிறவனாகியிருந்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது, மருமகனுக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது, எல்லாவற்றுக்கும் அவனுக்கே நன்றி. ஒரு அம்மாள் ஆணியும் சுத்தியலுமாகப் புதுப் பலகையோடு திண்டாடிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கொஞ்சம் பிடிங்க. காத்து தூக்கிட்டுப் போகுது."

அவன் பிடித்துக்கொண்டான். தன் பெயருக்கு வந்த நன்றியைத் தானே தாங்கிக்கொண்டு நின்றான். அவள் அடித்து முடித்தாள்.

"எம் பொண்ணுக்குப் பார்வை திரும்பிடுச்சு. தங்கமான பையனாம். உங்களுக்குத் தெரியுமா இவன?"

"கொஞ்சம் தெரியும்."

"எப்படித் தவறிட்டான்?"

"தூங்கிட்டான்," என்றான் லிசாந்த்ரோ.

அவள் போன பிறகு பிக்கப் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். வரவில்லை. சாலையோரம் நின்று தெற்கே போகிற லாரிகளுக்குக் கை காட்ட ஆரம்பித்துவிட்டான்.

"டேய், வீடு ஒரு மணி நேரம்டா! அம்மாவ பாத்துட்டு எங்க வேணா போய்த் தொலை."

"அம்மா மடியில தலைய வச்சிட்டா அப்புறம் எனக்கு எந்திரிக்க வராதுக்கா. நம்ம அம்மாவுக்குப் புள்ள எங்க செத்தான்னாவது தெரியும். நோல்பெர்த்தோவோட அம்மாவுக்கு அதுவும் தெரியாதே. மொதல்ல ஒவாயே."

கெஞ்சினேன். சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஒரு பட்டன் கையோடு வந்துவிட்டது. ஒரு லாரி நின்றது. அது வல்லெனார் வழியாகத்தான் போகும், எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போகும். ஏறிப் போய்விட்டான்.

வீட்டில் அம்மா கேட்டாள்: "வர்ற வழியில தம்பிகிட்ட நின்னியா?"

"நின்னேம்மா. ரொம்ப நேரம் நின்னேன்."

நான்கு வருடமாயிற்று. ஒரு கடிதம் இல்லை. ஒவாயே பஸ் வந்தால் டிக்கெட் கொடுப்பதை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்க்கிறேன். அவன் போய்ச் சேர்ந்தானா, மறுபடி வடக்கே ஓடிவிட்டானா, தெரியாது. அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். சொல்லி, அவன் வராமலே போய்விட்டால் அவள் இரண்டாம் தடவை அழவேண்டுமே என்று விழுங்கிவிடுவேன்.

போன திங்கட்கிழமை அவளை அழைத்துப்போனேன். தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள். லிசாந்த்ரோவின் பெயர் அடித்து மறைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே கறுப்புப் பெயிண்டில் இன்னொரு பெயர்: நோல்பெர்த்தோ. எழுத்துகள் போகப் போகச் சரிந்து, கடைசி எழுத்து பலகையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட நோட்டு முழுக்க என் தம்பி அப்படித்தான் எழுதுவான், அம்மா அதற்காக அவன் காதைத் திருகாத நாள் இல்லை.

அம்மா அந்தக் கடைசி எழுத்தைத் தொட்டாள். பெயிண்ட் விரலில் ஒட்டியது.

விரலைப் பார்த்தாள். சாலையைத் தெற்கே பார்த்தாள், வடக்கே பார்த்தாள். பாவாடையில் படாமல் அந்த விரலைத் தூக்கிப் பிடித்தபடியே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஹாரன் அடிடி," என்றாள். "நிறுத்தாம அடி."