மருந்தடிக்கும் விமானம்

அண்ணிதான் அந்த அட்டையை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். பச்சை நாடா, பிளாஸ்டிக் உறை, உள்ளே கொட்டை எழுத்தில் 'உதவியாளர்'. போட்டியின் பதிவு மேசையில் ஏதோ குளறுபடி நடந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "இது வேற யாரோடதோங்க. எனக்கு 'செய்தவர்'னு வரணும், எங்க அண்ணனுக்கு 'ஓட்டுபவர்'னு வரணும். நாங்க இருவர் பிரிவு," என்றேன். அவள் கணினியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "தனியாள் பிரிவுன்னுதாங்க இருக்கு. செஞ்சவரும் ஓட்டுறவரும் ஒருத்தரே. உங்களை உதவியாளரா போட்டிருக்காங்க." அண்ணியின் விரல்கள் என் கழுத்துக்குப் பின்னால் நாடாவை இன்னும் சரிசெய்துகொண்டிருந்தன. சரிசெய்ய அதில் ஒன்றுமே இல்லை. இவளுக்கு முன்பே தெரியும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். பகல் முழுக்க முகம் தெரியாதவர்களுக்குக் கடைவாய்ப் பல் செதுக்குவேன். வீட்டுக்கு வந்ததும் விமானம். பொம்மைதானே என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று வரும். இது பொம்மை இல்லை. நிஜ விமானம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, அதில் உள்ளது உள்ளபடி செய்வது. அந்த ரக விமானத்தைச் செய்தால் போதாது. அந்த ஒரே ஒரு விமானத்தைச் செய்ய வேண்டும். அதன் எந்தத் தகடு நசுங்கியிருக்கிறது, எங்கே எண்ணெய் ஒழுகிக் கறையாகியிருக்கிறது, எந்த எழுத்தில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, எல்லாம் வேண்டும். புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்து நடுவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதன் பிறகு ரிமோட்டில் பறக்கவிட்டு, பறப்பதும் நிஜம் மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அண்ணனுக்குப் போர் விமானம்தான் வேண்டும் என்று இருந்தது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நான் பிடிவாதமாக இந்த மஞ்சள் கழுதையைத் தேர்ந்தெடுத்தேன். வயல்களுக்கு மருந்தடிக்கிற விமானம். மூக்கு நீண்டு, முதுகு கூனி, நடுவில் உயரமாக ஒரு கண்ணாடி அறை. ஒரு சின்ன விமான நிலையத்தின் மூலையில் வெயிலில் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து நான் டேப் வைத்து அளந்ததையும் படம் எடுத்ததையும் பார்த்த காவல்காரர், "ஏம்மா, இதை யாரு வாங்கப் போறாங்க?" என்று கேட்டார். வலது இறக்கையில் வேறொரு மஞ்சளில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த இரண்டாவது மஞ்சளைக் கலந்து எடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இறக்கை என் கட்டிலைவிட நீளம். அது கட்டிலில் படுத்தது, நான் தரையில் படுத்தேன். "அதையே கட்டிக்கிட்டு அழு," என்று அம்மா சொல்லிவிட்டு, மறுநாள் தரைக்கு ஒரு மெத்தை வாங்கிப் போட்டாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பறக்கவிடத் தெரியாது. கட்டைவிரல் இரண்டும் அந்த நேரத்தில் மரத்துப்போய்விடும். நான் செய்த முதல் விமானத்தை நானே ஓட்டி, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் கொண்டுபோய்ச் சொருகினேன். அண்ணன் அப்படி இல்லை. கையில் ரிமோட்டை எடுத்தால் வேறு ஆள். மருந்தடிக்கும் விமானம் வயலின் ஓரத்தில் மேலெழும்பித் திரும்பி, மறுபடி தரையை ஒட்டி இறங்குமே, அந்தச் சோம்பலான திருப்பத்தை அவன் எங்கே பார்த்துப் பிடித்தானோ, முதல் தடவை அவன் ஓட்டியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளப்பில் எல்லோரும் அவனைக் கேப்டன் என்பார்கள். நான் செய்வேன், நீ ஓட்டு என்பதுதான் எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போட்டியில் இருவர் பிரிவு என்று ஒன்று இருப்பதே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான். போன மாதம், "பேரெல்லாம் குடுத்தாச்சு, நீ வேலையைப் பாரு," என்று அவன் சொன்னபோது நான் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. அண்ணனிடம் அதையெல்லாம் கேட்பார்களா யாராவது?

வேனுக்குப் பின்னால் அவன் இறக்கையை மாட்டிக்கொண்டிருந்தான். நான் அட்டையைத் தூக்கி அவன் மூக்குக்கு முன்னால் பிடித்தேன்.

"என்ன இது?"

"அது சும்மா பேருக்குத்தான்."

"பேருக்குத்தான்னா என் பேரைப் போட வேண்டியதுதானே?"

அவன் திருகாணியைக் கீழே வைத்தான். இப்படி நடக்கும் என்று தெரிந்து, சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறான் என்று அவன் பேச ஆரம்பித்த விதத்திலேயே தெரிந்தது. "இருவர் பிரிவுல ஜெயிச்சா ஒரு கப்பைக் குடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. தனியாள் பிரிவுல வந்தாதான் வெளிநாட்டுப் போட்டிக்கு எடுப்பாங்க. நம்ம பிளேன் அங்க பறக்க வேணாமா?"

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

நல்லா இருக்கிறது நியாயம்! "இப்பவே போய்ச் சொல்றேன் அவங்ககிட்ட," என்றேன். அவன் தடுக்கவில்லை. "சொல்லு. பிரிவை மாத்தற தேதி முடிஞ்சு போச்சு. பிளேனைத் தூக்கி வெளிய வெச்சிடுவாங்க. நீதான் கஷ்டப்பட்டுச் செஞ்சது, நீதான் முடிவு பண்ணணும்," என்றான். என்ன சாமர்த்தியம் பாருங்கள். நான்தான் செய்தேன் என்பதை வேனுக்குப் பின்னால், யாருமில்லாத இடத்தில் அழகாக ஒத்துக்கொள்கிறான். என்னால் அந்த விமானத்தை வெளியே வைக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் தட்டில் இருப்பதில் பெரிய துண்டை எனக்கு எடுத்து வைத்தவன். அவனுக்கு என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் போய்ச் சொல்லவில்லை. இறக்கையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தேன்.

பந்தலுக்குள் நீளமான மேசை. தலைமை நடுவர் ஒல்லியான, தொப்பி போட்ட மனிதர். அவரோடு இன்னும் இரண்டு பேர். விமானத்தை வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அந்த ஒட்டுப் போட்ட இறக்கையிடம் வந்ததும் அவர் தொப்பியைக் கழற்றினார். "இந்த மஞ்சளை எப்படிப் பிடிச்சீங்க?" அண்ணன் சொன்னான். நான் அவனிடம் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல் சொன்னான். கலந்து கலந்து பார்த்ததையும், காய்ந்ததும் நிறம் இறங்கிவிடும் என்பதையும் சொன்னான். "தகட்டுல இருக்கற ரிவெட் ஆணியெல்லாம்?" என்று இன்னொருவர் கேட்டார். "ஊசியில பசையை எடுத்து, ஒவ்வொரு புள்ளியா வெச்சதுங்க. குனிஞ்சே இருந்து கழுத்து பிடிச்சிக்கிச்சு. ஒரு வாரம் யாராவது கூப்பிட்டா உடம்போட சேர்ந்துதான் திரும்புவேன்," என்றான் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

அது என் கழுத்து. அந்த வாரம் லேபில் என்னை ரோபோ என்று கூப்பிட்டார்கள். தைலம் தேய்த்துவிட்டது இதோ என் பக்கத்தில் நிற்கிற அண்ணி. அவள் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரை எடுத்துக்கொண்டான், சரி, வெளிநாட்டு ஆசை. என் வலியையுமா? அதை எடுத்து அவன் என்ன செய்யப் போகிறான்? அதைவிட மோசம், சொல்லும்போது அவன் கை தானாகப் பிடரிக்குப் போனது. அவன் நடிக்கவில்லை. அந்த நிமிடம் அவனுக்கு நிஜமாகவே அங்கே வலித்தது என்று நினைக்கிறேன்.

தலைமை நடுவர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சியாம்மா? வீட்ல உங்களுக்கெல்லாம் பெரிய இடைஞ்சலா இருந்திருக்குமே இது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் போதும். அந்த ஒரு வாக்கியத்தில் விமானமும் போகும். நான் அதன் மஞ்சள் மூக்கைப் பார்த்தேன்.

"பழகிடுச்சுங்க," என்றேன்.

அண்ணனின் தோள் இறங்கியது. நடுவர்கள் எழுதிக்கொண்டு நகர்ந்தார்கள். பந்தலைவிட்டு வெளியே வரும்போது அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினான். "இருக்கறதுலயே அதிக மார்க் நமக்குத்தான்," என்று காதோரம் சொன்னான். 'நமக்கு' என்ற சொல் காதில் விழுந்ததுமே கையை உதறிக்கொண்டேன்.

பறக்கவிட எங்கள் முறை வருவதற்காக ஓடுபாதை ஓரத்தில் காத்திருந்தோம். வெயில் சுட்டது. எங்களுக்கு முன்னால் பறக்கவிட்டுத் திரும்பிய ஒருவர் எங்கள் விமானத்தைத் தாண்டிப் போனார். ரிமோட்டை மாட்டிக்கொள்ளும் அவருடைய கழுத்துப் பட்டையில் தொங்கிய கொக்கி, அதன் முதுகுக் கம்பியில் மாட்டி இழுத்துவிட்டது. மருந்தடிக்கும் விமானங்களில் கண்ணாடி அறையின் கூரையிலிருந்து வால் நுனி வரை ஒரு கம்பி கட்டியிருக்கும், தாழப் பறக்கும்போது மின்கம்பி வாலில் சிக்காமல் வழுக்கிப் போவதற்காக. கூரையில் அது மாட்டியிருந்த சின்ன வளையம் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த மனிதர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். தலைமை நடுவர் வந்து பார்த்தார்.

"அடுத்து நீங்கதான். அஞ்சு நிமிஷம் தர்றேன், ஒட்டிக்குங்க. விதி தெரியும்ல? செஞ்சவர் மட்டும்தான் கை வைக்கணும். உதவியாளர் பிடிச்சுக்கலாம், அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டு அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் மண்டியிட்டான். என் பெட்டியைத் திறந்தான். அதில் எது எங்கே இருக்கும் என்று தெரியாமல் அவன் விரல்கள் தடவின. நான் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நொடியில் ஒட்டுகிற பசையை எடுத்தான். அதில் தப்பில்லை, இருக்கும் நேரத்துக்கு அதுதான் சரி. கண்ணாடி அறையின் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டு, கூரையின் அடிப்பக்கத்தில் தாராளமாகப் பசை வைத்து வளையத்தை அழுத்தினான். ஒட்டிக்கொண்டது. கம்பியை மாட்டி இழுத்துப் பார்த்தான். நடுவர் தலையசைத்தார். அண்ணன் என்னைப் பார்த்து, பாத்தியா என்பதுபோல லேசாகச் சிரித்தான். பிறகு அந்தச் சின்னக் கதவை மூடினான். தாழ்ப்பாளையும் போட்டான்.

எனக்குப் பகீரென்றது. அந்தப் பசை காயும்போது கண்ணுக்குத் தெரியாத ஆவி விடும். அடைத்த இடமாக இருந்தால், அதுவும் இந்த வெயிலில், அது கண்ணாடியில் போய்ப் படிந்து வெளுத்துவிடும். பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் பழையபடி வராது. கதவைத் திறந்து வைத்து ஒரு அட்டையால் விசிற வேண்டும், அவ்வளவுதான் வேலை. விமானம் செய்கிற எவரும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தத் தப்பைச் செய்து தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். அதன் பிறகு செய்யமாட்டார்கள். அண்ணன் எதையும் செய்ததில்லை, அதனால் அவனுக்கு இந்தத் தப்பு இன்னும் பாக்கி இருந்தது. அந்தக் கண்ணாடி அறையை நான் லேபில் பல் அச்செடுக்கும் சாந்தில் அச்சு வார்த்து, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி மேலே இழுத்துச் செய்தேன். குமிழி விழாமல் ஒன்று வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

சொன்னால் ஒன்றும் ஆகியிருக்காது. உதவியாளர் வாய் திறக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. 'கதவைத் திற அண்ணா' என்று மூன்று வார்த்தை. அது நாக்கு நுனி வரை வந்தது. அவன் மறுபடி பிடரியைத் தடவிக்கொண்டு நடுவரிடம், "இந்த வளையத்தை முதல்ல செஞ்சப்பவே ரெண்டு தடவை உடைஞ்சதுங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டாம், சொல்லிவிடு, அது உன் விமானம்டி, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதும் சொல்லவில்லை.

முதலில் கண்ணாடியின் மேல் ஓரத்தில் பால் சிந்தியதுபோல ஒரு கோடு தெரிந்தது. அது மெல்ல இறங்கியது. உள்ளே இருந்த இருக்கை மங்கியது. அண்ணி, "ஐயோ, என்னங்க அது?" என்று கத்தினாள். அண்ணன் திரும்பிப் பார்த்தான். ஒரு நொடி அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு முகம் வெளுத்து, நடுவர் நிற்பதையே மறந்து, என்னைப் பார்த்து அலறினான்.

"ஏன்டி, கதவை மூடக் கூடாதுன்னு சொல்ல மாட்டியா? எனக்கு எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு அது காதில் விழுந்தது. தலைமை நடுவர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். அவனைப் பார்த்தார். பிறகு நிதானமாக என் பக்கம் வந்து, என் கழுத்தில் தொங்கிய அட்டையைக் குனிந்து படித்தார். நிமிர்ந்து, "அம்மா, இதைச் செஞ்சது யாரு?" என்று கேட்டார்.

நான் இன்னும் வாலை விடவில்லை. அண்ணன் நடுவரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சட்டையின் நுனியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை வெளிப்பக்கமாக அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். வெளுப்பு உள்பக்கம் இருந்தது.