தறிச் சத்தத்தில் தூங்கியவன்

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு விசைத்தறிகள். ரகசியத்தையும் கத்தித்தான் பேசுவோம். இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த ராஜகுமாரி அக்காவுக்குப் பிறந்த பையன் அந்தச் சத்தத்திலும் அசையாமல் தூங்கினான். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏலே, பாத்தியா? பெறந்த ஒடனே தறிக்குப் பழகிட்டான். நீ மூணு மாசம் கத்துன."

தொட்டில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் இதையே சொன்னார். வகுப்பில் நானும் அப்படித்தான் தூங்குவேன், யாரும் பெருமைப்பட்டதில்லை.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. அந்த அமைதியில் என் கையிலிருந்து எவர்சில்வர் குடம் நழுவி விழுந்தது. அக்காவின் இரண்டு வயது மகள் கோகிலா அலறினாள். தெருநாய் குரைத்தது. தொட்டிலில் விழித்துக் கிடந்தவன் மட்டும் பேசாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காவின் முகம் மாறியது. "இன்னொரு தடவ போடுல."

போட்டேன். அவன் இமைகூட அசையவில்லை.

மறுநாளே திருநெல்வேலிக்குப் போனோம். காதையும், எச்சிலையும், மூத்திரத்தையும் சோதித்த டாக்டரம்மா சைட்டோமெகலோ வைரஸ் என்றார்.

"பெரியவங்க முக்கால்வாசிப் பேரு உடம்புல இது சும்மா கெடக்கும். சின்னப்பிள்ளைக எச்சில்ல நெறைய இருக்கும். கர்ப்பத்துல உங்களுக்குத் தெரியாமலே நஞ்சுக்கொடி வழியா இவனுக்குப் போயிருக்கு."

"கோகிலா மிச்சம் வைக்கிற சோத்த நாந்தான் திம்பேன். அதுலயா?"

"இருக்கலாம். முன்னமே உங்ககிட்ட இருந்தது முழிச்சிருக்கவும் செய்யலாம். பிள்ள மிச்சத்தத் திங்காத அம்மாவ இந்த ஜில்லாவுல நான் பாத்ததில்ல. எங்கம்மாவும் சேத்துதான்."

வலது காது கேட்காது. இடது காதில் பாதி இருந்தது. போனதை மருந்து திருப்பித் தராது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். வால்கான்சிக்ளோவிர் சிரப், தினம் இரண்டு வேளை, ஆறு மாதம். பிறந்த முதல் மாதத்துக்குள் தொடங்குவது நல்லது. ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பதால் அடிக்கடி ஊசி குத்திப் பார்க்க வேண்டும்.

"இம்புட்டுப் பிள்ளைக்கு அம்புட்டு மருந்தா? கொஞ்சம் வளரட்டுமே" என்று இழுத்தார் பையனின் அப்பா, முத்துக்கிருஷ்ணன் அத்தான்.

"வளருததுக்குள்ள அந்தப் பாதியும் போயிட்டா? இன்னைக்கே குடுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

முதல் வேளையில் பாதியை என் சட்டையில் துப்பினான். அந்தச் சட்டைக்கு இனி எந்த வைரஸும் வராது. நடுவில் ஒருமுறை வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்ததால் மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். அவை ஏறும்வரை அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

ஆறு மாதம் முடிந்து மறுபடி காதைச் சோதித்தார்கள்.

"இடது காது அப்படியே இருக்கு. மோசமாகல. மிஷின் மாட்டிப் பேசப் பழக்கலாம். அப்பப்போ வந்து காட்டணும்."

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அத்தான் ஊருக்கு வந்ததும் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

"என்ன மாப்ளே விசேஷம்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"மோசமாகல."

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இரண்டு லட்டு எடுத்துக்கொண்டார்.