மேடத்தின் பொறாமைக்கு நான் பொறுப்பு

தாரிணி மேடத்துக்குப் பொறாமைப்பட நேரமில்லை. அதனால் பதினோரு வருஷமாக அவருக்காக நான்தான் பொறாமைப்படுகிறேன்.

மேடம் பெரிய நடிகை. காலை ஆறு மணிக்கு மேக்கப்பில் உட்கார்ந்தால் அதன்பிறகு தன்னுடையது எதையும் கவனிக்க அவருக்கு ஒழியாது. அவருடைய பயத்தை டிரைவர் சுலைமான் அண்ணன் பார்த்துக்கொள்கிறார். கோபம் மேனேஜர் கோதண்டம் சாரிடம். எனக்கு வந்தது பொறாமை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்தேன். மிதிலா என்று இன்னொரு நடிகை இருக்கிறாளே, அவள் பட டிரெய்லர் வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவள் விருது வாங்கினால் மூன்று நாள் காய்ச்சல். ரோஸ் கலர் வயிற்று மருந்தை மட்டும் ஆபீஸிலேயே வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த வேலைக்கு மேடத்தை ஒட்டியே உட்கார வேண்டும். யார்மேல், எவ்வளவு என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். கேரவனில் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது.

தை மாதம் மேடத்தின் படம் ஓடு ஓடென்று ஓடியது. சந்தோஷப்பட ஆளில்லை. யாமினி என்று ஒரு பெண்ணை அதற்குச் சேர்த்தார்கள். அவளுக்கு என் நாற்காலி. எனக்கு வாசல் ஓரத்தில் ஒரு ஸ்டூல். அவள் செய்கிற வேலையைக் கேளுங்கள்: பிரியாணி சாப்பிடுவாள், பாட்டுக்குக் காலாட்டுவாள், சிரிப்பாள். இதெல்லாம் ஒரு வேலையா? மேடம் அவள் கன்னத்தைத் தட்டி, “அப்படித்தான் கண்ணு” என்பார். என்னை ஒருநாள் தட்டியதுண்டா?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டியூட்டி நேரத்தில் சொந்தப் பொறாமை கூடாது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதனால் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, யாமினியை நினைத்து அரைமணி நேரம் பொறாமைப்பட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். போகப் போக அரைமணி போதவில்லை.

ஒரு வியாழக்கிழமை, மேடத்துக்கு வரவேண்டிய நகைக்கடை விளம்பரம் மிதிலாவுக்குப் போய்விட்டது. தகவல் வந்தபோது நான் யாமினியின் கொலுசையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுசு, மேடம் கொடுத்தது. நான் எடுத்துக்கொள்ளாததால் அந்தப் பொறாமை நேராக மேடத்திடமே போய்விட்டது. கல்யாண சீனில் மாலையும் கழுத்துமாக நின்றவருக்கு முகம் சுண்டிப்போனது. டைரக்டர் பேக்கப் சொல்லிவிட்டார்.

கோதண்டம் சார் மேடத்தின் கோபம் மொத்தத்தையும் என்மேல் கொட்டி முடித்துவிட்டு, “உள்ள போம்மா, கூப்பிடுறாங்க” என்றார். இன்றோடு நம் சீட்டு கிழிந்தது என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

மேடம் தனியாக இருந்தார். “என் பொறாமைய விட்டுட்டு உன்னோடதைப் பார்த்துக்கிட்டு இருந்தியாமே, ஜெசிந்தா?”

“ஆமா மேடம், பொய் சொல்ல மாட்டேன். பதினோரு வருஷம் உங்களுக்காக வயிறெரிஞ்சேன். நேத்து வந்தவ உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கிறீங்க. தாங்க முடியல.” அழுதுவிட்டேன்.

மேடம் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“அது உன் சொந்தப் பொறாமையா?”

“என்னோடதுதான் மேடம்.”

“முழுக்கவா?”

“முழுக்க.”

“எனக்குன்னு அப்படி ஒண்ணுகூட இல்லையேடி” என்றார். பார்வை என்மேலேயே நின்றது. அந்த முகத்தின் குறிப்பறிந்தே பழகியவள் நான். மிதிலாவின் விருதுக்குக்கூட அதில் அவ்வளவு பொறாமை இருந்ததில்லை.

மறுநாள் காலை கோதண்டம் சார், மேடத்துக்காக நான் பொறாமைப்பட வேண்டியவர்களின் பட்டியலைத் திருத்திக் கொடுத்தார். மிதிலாவின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். யாமினி ஸ்டூலுக்குப் போனாள். நான் மேடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மேக்கப் கண்ணாடியைப் பார்த்து வேலையைத் தொடங்கினேன். கண்ணாடியில் இருந்தவளுக்கு என்ன ஒரு கொடுப்பினை! மேடத்தை உரசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. பத்து மணிவாக்கில் யாமினி எட்டிப் பார்த்து, “சாப்பிட்டீங்களாக்கா?” என்று கண்ணாடியில் இருந்தவளைக் கேட்டாள்.

என்னை யாரும் கேட்கவில்லை.