எடுக்காமல் விட்ட சிரிப்பு

நிவேந்திரன் பூசை போட்டுத் தொடங்கிப் பாதியில் விட்ட படம் இரண்டு. முடித்த படம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊர் அலோர் காஜாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். படம் நின்றுபோனால் எனக்கென்ன, நான் சினிமா பார்க்கிறவன் இல்லை. ஆனால் அந்த இரண்டு படத்துக்கும் பின்னால் தலா ஒரு சாவு இருக்கிறது. மூன்றாவது படத்துக்கு என் வீட்டுக்காரி மங்களத்தைக் கேட்டு வந்தான்.

சாவுக் காட்சி எடுப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் காட்சி முடிந்த கையோடு எழுந்து உட்கார்ந்து, அதே காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் பிடிப்பார்கள். படத்தில் சேர்க்க மாட்டார்கள், இருந்தாலும் பிடிப்பார்கள். நடித்த சாவு அந்தச் சிரிப்போடு கழிந்துவிடும். நிவேந்திரனுக்கும் இது தெரியும். சிரித்தால் மற்றவர்களுக்கு அழுகை வராது, கடைசி நாள் பூசணிக்காய் உடைக்கும்போது சேர்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பான். அவன் படத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று வந்தால்தானே?

முதல் படத்தில் காந்தன் பிணமாகப் படுத்தான். படம் நின்றது. அடுத்த தீபாவளிக்கு அவன் இல்லை. இரண்டாவதில் இருசம்மாள். அதுவும் நின்றது. குளியலறையில் விழுந்தவள் கண் திறக்கவே இல்லை.

இதை அவன் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"மாமா, காந்தன் அண்ணனுக்குச் சக்கரை. இருசம்மா பாட்டிக்கு வயசாயிருச்சு. இதுக்கெல்லாம் நானா பொறுப்பு?"

"சக்கரை எனக்குந்தான் இருக்கு. நான் இன்னும் இருக்கேன்ல?"

"நீங்க எமனையே வெரட்டுற ஆளு மாமா."

"எமனை வெரட்டலாம்டா. ஒன்னைத்தான் நம்ப முடியல."

மங்களம் உள்ளிருந்து காப்பியோடு வந்தாள். "நான் நடிக்கிறேன் தம்பி. இவர் கெடக்கட்டும். கல்யாணத்துக்குக்கூட ஒரு போட்டோ புடிக்காத மனுசன் இவரு. பேரப்பிள்ளைங்க என்னை ஒரு தடவையாவது பெரிய திரையில பாக்கட்டும்லா."

"பொணமாவா பாக்கணும்?"

"பொணமாத்தான் குடுக்கிறாங்க. ஈரோயினியா கேட்டா நீங்க விடுவீங்களா?"

நிவேந்திரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிப்பை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று பிள்ளையார் படத்தின் மேல் அவனைச் சத்தியம் செய்ய வைத்த பிறகுதான் சரி என்றேன்.

ஆள் இல்லாமல் கிடக்கும் பழைய தோட்டத்து லய வரிசை வீடுகளில் படப்பிடிப்பு. சுற்றிலும் செம்பனை மரங்கள். கூரை பாதி சரிந்து, உள்ளே புல் முளைத்திருந்தது. மங்களம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் நாங்கள் அதே வரிசையில்தான் குடியிருந்தோம். வாசலில் சவப்பெட்டி வைத்து அவளை உள்ளே கிடத்தினார்கள். நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. இரண்டு கையையும் நெஞ்சின் மேல் எப்படி வைப்பதென்று நிவேந்திரன் சொல்லிக் கொடுத்தான். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

"மாமா, காமிராவுல அந்தச் செவப்பு லைட்டு எரியிறப்ப பேசாதீங்க. எரிஞ்சா பதியுதுன்னு அர்த்தம்."

எரிந்தது. கூலிக்கு வந்த பெண்கள் மாரடித்து அழுதார்கள். எறும்பு ஒன்று மங்களத்தின் கன்னத்தில் ஏறி இமைவரை போனது. அவள் அசையவில்லை. "நல்லா பண்றாங்க" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

காட்சி முடிந்தது. "சிரிப்பை எடு" என்றேன்.

"இன்னொரு கோணம் மாமா. அதோட எடுத்துருவோம்."

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெட்டிக்குக் குடை பிடித்த இரண்டு பேரைத் தவிர எல்லோரும் கூரை இருந்த பக்கம் ஒதுங்கினோம். மழை விட்டதும் அவனுக்குப் போன் வந்தது. படத்துக்குப் பணம் போடத் தெங்கேராவிலிருந்து ஒரு முதலாளி முன்வந்திருந்தார். அவர் கைவிட்டுவிட்டார். போனைப் பையில் போட்டவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

"நின்னு போச்சு மாமா."

முதலாளியின் ஆள் ஒருவன் காமிராவிலிருந்த கார்டைக் கழற்றிக்கொண்டு காரில் கிளம்பிவிட்டதை அப்போதுதான் பார்த்தேன். மங்களத்தின் சாவு அந்தக் கார்டில் இருந்தது. கார் செம்பனைகளுக்குள் மறைந்தது. என் பழைய காரைக் கொண்டுபோய் மண்பாதைக்குக் குறுக்கே நிறுத்தினேன்.

"சிரிப்பு எடுக்காம ஒருத்தனும் இங்கேருந்து போக முடியாது."

"போன்ல எடுக்கிறேன் மாமா. எல்லாம் ஒன்னுதான்."

"பொணம் பெரிய காமிராவுல, சிரிப்பு போன்லயா? யார ஏமாத்துற? செத்தது எதுல இருக்கோ அதுலதாண்டா சிரிக்கணும்."

"கார்டு போயிருச்சு மாமா. நான் எங்க போவேன்?" அவன் குரல் உடைந்தது. உடைந்த குரலை நான் நம்புகிறவன் இல்லை.

அந்த நேரம் பார்த்து மங்களம் கேட்டாள். "என்னங்க சண்டை? நான் இப்படியே கெடக்கணுமா?" இத்தனை நேரமும் அவள் பெட்டியை விட்டு எழவே இல்லை. மழையிலும் அவள்மேல் குடை பிடித்திருந்தார்கள்.

காமிராக்காரன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பேசாமல் காமிராவைத் தோளில் தூக்கினான். "ஆண்ட்டி, எந்திரிச்சு உக்காருங்க. இங்க பாத்துச் சிரிங்க."

அவள் தாடைக் கட்டை அவிழ்த்தாள். நெற்றிக் காசு மடியில் விழுந்தது. பெட்டிக்குள் உட்கார்ந்தபடியே வாய் நிறையச் சிரித்தாள். முன்பல் இல்லாத அந்தச் சிரிப்பை நான் எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன். அன்றைக்கு அதைப் பார்க்கவில்லை. காமிராவைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை.

பாதையை மறித்திருந்த காரைத் திருப்பினேன்.

காரில் ஏறியதும் கேட்டாள். "பயம் தீந்துச்சா? நல்லா சிரிச்சேனா?"

யாராக இருந்தாலும் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன் நான். அவளிடம் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"நல்லாத்தான் சிரிச்ச."

"பதிஞ்சிருக்கும்ல?"

"பதிஞ்சிருக்கும்."

அலோர் காஜா சாலைக்கு ஏறுவதற்குள் தூங்கிப்போனாள். இரண்டு கையும் நெஞ்சின் மேல், அவன் சொல்லிக் கொடுத்த மாதிரியே. கையை எடுத்து மடியில் போட்டேன். கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தால் மறுபடி நெஞ்சுக்கே போயிருந்தது.

"மங்களம்."

"ம்."

அடுத்த வளைவில் மறுபடி கூப்பிட்டேன். "ம்" என்றாள், சற்றுத் தாமதித்து. காந்தன் பெண்சாதி சொன்னது ஞாபகம் வந்தது. படத்தில் படுத்து எழுந்த பிறகு அவனும் தூக்கத்தில் கையை இப்படித்தான் வைத்துக்கொள்வானாம். அவள் சொன்னபோது நம்பவில்லை. நான் யார் சொன்னதை நம்பியிருக்கிறேன்?

"மங்களம்" என்றேன்.

வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு அந்த "ம்"முக்காகக் காத்திருந்தேன்.