ஒரு செடிக்கு ஒரு தாய்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் பேன் வளர்க்கிறேன் என்று சொல்வேன். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. பாதிப் பேர் என் தலையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். செடிப்பேன் என்று முழுசாகச் சொன்னாலும் பெரிய மரியாதை கிடைத்துவிடாது. அசுவினி என்பது அதன் படித்த பெயர். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை நிறம். பட்டாணிச் செடியின் இளந்தண்டில் வாயைக் குத்திவைத்துச் சாறு உறிஞ்சுவதுதான் அதன் பிழைப்பு.

ஆராய்ச்சிக்கூடத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் என் ராஜ்யம் இருந்தது. ஐம்பது பிளாஸ்டிக் தம்ளர்கள். தம்ளருக்கு ஒரு பட்டாணிச் செடி, செடிக்கு ஒரே ஒரு அசுவினி, மேலே வலைத்துணி கட்டிய மூடி. பத்து நாளில் அது தாயாகிவிடும். அது போடும் குட்டிகளில் ஒன்றை மட்டும் எடுத்துப் புதுச் செடியில் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். எங்கள் அறை வெளிச்சத்தில் ஆண் பிறப்பதே இல்லை. கல்யாணம் காட்சி எதுவும் இல்லாமல் பெண்ணே பெண்ணைப் பெற்றுப் போடும். அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு அவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு.

மூன்று வருடம், நூற்றுச் சொச்சம் தலைமுறை. அத்தனையும் இறக்கை இல்லாதவை.

இதில் என்ன இருக்கிறது என்று அண்ணி ஒருமுறை கேட்டாள். சொன்னேன். நல்ல செடியில் தனியாக இருக்கும் தாய்க்கு இறக்கையில்லாத மகள்கள் பிறக்கும். கொழுகொழுவென்று, சீக்கிரம் வளர்ந்து, நிறைய குட்டி போடும். அதே தாயைக் கூட்டத்தில் போட்டு, பக்கத்துக்காரிகள் மேலே ஏறி மிதித்து இடித்துக்கொண்டே இருந்தால், இங்கே இனி இடமில்லை என்று அதன் உடம்புக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு பிறக்கும் மகள்களுக்கு இறக்கை முளைக்கும். இடிபடுவது தாய், பறந்து போவது மகள்.

"அப்ப எல்லாத்துக்குமே இறக்கை குடுத்துட்டா என்ன?" என்றாள் அண்ணி.

"இறக்கைன்னா சும்மாவா அண்ணி? அதை ஆட்டச் சதை வேணும். அந்தச் சதைய வயித்துலேருந்துதான் எடுக்கணும். பறக்கறது லேட்டா வளரும், கொஞ்சமாத்தான் குட்டி போடும். போற அவசியம் இருந்தாத்தான் கட்டுப்படியாகும்."

"பரவால்லையே," என்றாள். "நம்மளவிட விவரமாத்தான் இருக்கு."

டாக்டரின் கேள்வி இதற்கு அடுத்தது. டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பூச்சி படித்த டாக்டர். அந்த அறையும் ஐம்பது தம்ளர்களும் அவருடையவை. நூறு தலைமுறையாக ஒரு தடவைகூட யார்மேலும் இடிபடாத அசுவினியைத் திடீரென்று கூட்டத்தில் போட்டால் அதற்கு இறக்கை போடத் தெரியுமா, மறந்துபோயிருக்குமா? அதைப் பார்க்கும் கருவிகள் எங்களிடம் இல்லை. வேறு தேசத்தில் ஒரு பெரிய கூடத்தில் இருந்தன. அவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். ஐம்பது தம்ளரையும், அதை வளர்க்கத் தெரிந்த ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த ஆள் நான்.

கடிதத்தில் என் தங்குமிடம் பற்றி ஒரு வரி இருந்தது. ஓர் அறை, ஒரு சமையல் மேடை, தனிக் குளியலறை. அந்த 'தனி'யை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பெண்கள், அம்மா, நான். அம்மாவின் கட்டிலுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் என் படுக்கை. யாருக்காவது தண்ணீர் தாகம் எடுத்தால் என் முகத்தில் வெளிச்சம் அடிக்கும். எனக்கு நாற்பத்துமூன்று வயது. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள எனக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. எனக்கு அது வேண்டும். வேறு எதற்கும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா, "அப்ப என்னைய யாரு பாத்துப்பா?" என்று கேட்டாள்.

"நாங்கல்லாம் இல்லியா?" என்றான் அண்ணன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணி மட்டும் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள். "பாத்துக்கறேன் அத்தை. ஆனா இவங்கள மாதிரி வராது. நான் வேலைக்குப் போகணும்ல."

அம்மாவுக்குக் கால் பலம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போவாள், அவ்வளவுதான்; படுக்கையில் திரும்பிப் படுக்க இன்னொருவர் கை வேண்டும். அன்றைக்கு அவள் அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. நானும் விட்டது தொல்லை என்று இருந்துவிட்டேன்.

கிளம்புவதற்குப் பதினாறு நாள் இருந்தது. அன்று செடி மாற்றும் நாள்; குட்டி போடப்போகும் தாய்களை வாடாத செடிக்கு மாற்றிவிடுவோம். ஒவ்வொரு அசுவினியாக எடுத்து, பழைய செடியிலிருந்து நேராகப் புதுச் செடிக்கு மாற்ற வேண்டும் என்பது டாக்டரின் சட்டம். தூரிகையின் நுனியால் ஐம்பதையும் அப்படி மாற்ற அரைநாள் ஆகும். நான் அப்படிச் செய்வதில்லை. ஐம்பதையும் ஒரு கண்ணாடித் தட்டில் ஓர் இலையோடு தட்டிவிடுவேன். பழைய செடிகளை எறிந்துவிட்டுப் புதியவற்றை வரிசையாக வைத்து, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து விடுவேன். அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த அரைமணி நேரத்தில் எதுவும் ஆனதில்லை. மூன்று வருடமாக ஆனதில்லை. கை தேர்ந்துவிட்டால் சட்டமெல்லாம் புதிதாக வந்தவர்களுக்குத்தான் என்று தோன்றிவிடுகிறது.

ஐம்பதையும் தட்டில் போட்டு மூடிய நேரத்தில் போன் அடித்தது. அடுத்த வீட்டு டீச்சர். "அம்மா கீழ விழுந்து கிடக்கறாங்க, உடனே வாங்க."

விளக்கை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, எதுவும் நினைவில்லை. பூட்டியிருக்கிறேன், சாவி பையில் இருந்தது. ஆட்டோ, ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே வரிசை. தட்டு ஞாபகம் வந்தபோது மணி மூன்று. அப்போதுதான் அண்ணி வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏதாச்சும் வேலைய விட்டுட்டு வந்துட்டீங்களா? போங்க, நான் இருக்கேன்."

எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "போகாத பாப்பா." அவ்வளவுதான் சொன்னாள். பிடி மட்டும் விடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போகலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேரம் சாயங்காலமாகி, ராத்திரியாகி, மறுநாள் காலையாகிவிட்டது. எலும்பு எதுவும் முறியவில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

காலை பத்து மணிக்குத் தட்டைத் திறந்தேன். ஐம்பதும் வாடின இலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, கால்களால் துழாவிக்கொண்டு இருந்தன. நடுவே பொடிசாகப் புதுக் குட்டிகள். அந்தக் குட்டிகளைத் துடைத்தெறிந்தேன். தாய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுச் செடியில் விட்டேன். இந்தத் தடவை சட்டப்படி, அரைநாள் எடுத்துக்கொண்டு. ஐம்பது தம்ளரும் பழையபடி அழகாக வரிசையில் நின்றன. பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. நோட்டில் 'செடி மாற்றம், ஐம்பது, குறையில்லை' என்று எழுதினேன். தேதியை முந்தின நாளாகப் போட்டேன்.

அதன் பிறகு நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வது? அடுத்து அவை போட்ட குட்டிகளுக்கு இறக்கை வருமா வராதா என்பது பிறக்கும் முன்பே வயிற்றில் முடிவாகிவிட்டது. வெளியே தெரிய ஆறு நாள் ஆகும். தினமும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவற்றின் தோளைப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் ஒன்றுமில்லை. மூன்று வருடப் பழக்கம், மறந்துதான் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறந்துபோங்கள், தயவுசெய்து மறந்துபோங்கள் என்று தம்ளரைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன். இறக்கை முளைக்கவே கூடாது என்று இப்படிக் கெஞ்சினவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆறாம் நாள் தோளில் புடைத்திருந்தது. இரண்டு பக்கமும், மடித்துவைத்த மாதிரி, சின்னச் சின்னதாக. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். அடுத்த தலைமுறைக்கென்று தம்ளருக்கு ஒன்றாக வைத்திருந்த ஐம்பது மகள்களில் முப்பத்தொன்று.

முப்பத்தொன்றையும் தூரிகையால் எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டேன். இன்னும் அப்புறப்படுத்தாமலிருந்த, தோள் புடைக்காத தங்கைகளை அவற்றின் இடத்தில் விட்டேன். குப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். பெட்டிகள், அனுமதிச் சீட்டுகள், குளிர்பதனப் பைகள் என்று அறையே கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கண்ணு பட்டுடும் போலிருக்கேம்மா," என்றார். "மூணு வருஷத்துல ஒண்ணுக்குக் கூட இறக்கை முளைக்கல. இத நீ மட்டும்தான் செய்ய முடியும்." நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கடைசிப் பக்கத்தில், இந்த வரிசை ஒருநாளும் கூட்டத்தில் விடப்படவில்லை என்று தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார். கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் எனக்கு இடம்.

பேனாவை எடுத்தேன். போட்டிருக்கலாம். இதுவரை எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். தூங்காமல் தூங்கிவிட்டேன் என்று, வலிக்கும்போது வலிக்கவில்லை என்று. ஆனால் அந்த ஐம்பது தம்ளர் விஷயத்தில் மட்டும், அந்த அரைமணி நேரத்தைத் தவிர, நான் சுத்தமாக இருந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதன் கீழே பொய்யை எழுதக் கை வரவில்லை. கைப்பையைத் திறந்து குப்பியை மேஜைமேல் வைத்தேன். தட்டு, போன், ஆஸ்பத்திரி, தேதி எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எத்தன?"

"முப்பத்தொண்ணு சார்."

"ஒரே நாள்லயா? நூறு தலைமுறை கழிச்சும் மறக்கலையா?" அவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆனது. ஒரு நிமிஷம்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சொல்லாம இருந்திருக்கலாமேம்மா," என்றார்.

நான் எதிர்பார்த்தது திட்டு. இதை எதிர்பார்க்கவில்லை.

"தெரியாம இருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன். இப்பத் தெரிஞ்சுபோச்சே. நாளைக்கு இதுங்களுக்கு இறக்கை வந்தா, நூறு தலைமுறை ஞாபகமா, போன வாரத்து ஞாபகமான்னு எவன் கேட்டாலும் பதில் கிடையாது."

"மறுபடி ஆரம்பிக்கலாம் சார். நான் ஒவ்வொண்ணா…"

"மூணு வருஷம்மா. எனக்கு ரெண்டு வருஷத்துல ஓய்வு."

"அப்ப நான்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பூச்சியோட சேர்த்துத்தான் உன்னக் கேட்டாங்க," என்றார்.

உறைந்து சாகட்டும் என்று ஐம்பது தம்ளரையும் உறைபெட்டியில் நானேதான் வைத்தேன். அவர் வேறு ஆளை வைத்துச் செய்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கதவை மூடிவிட்டு, தரையைத் துடைத்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் போகலம்மா," என்றேன். என்ன, ஏன் என்று அவள் கேட்கவில்லை. முகம் மட்டும் தெளிந்தது. பல நாளாகக் கனத்துக் கிடந்தது இறங்கின மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சு பாப்பா."

அந்தத் தெளிவைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ உறுத்தியது. எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை என்று எக்ஸ்ரே எடுத்தவர் ஆச்சரியப்பட்டது ஞாபகம் வந்தது.

"அன்னைக்கு எப்படிம்மா விழுந்த?"

போர்வையின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்பது போலச் சொன்னாள்.

"விழல. கட்டிலப் பிடிச்சுக்கிட்டு எறங்கி உக்காந்தேன்."

"ஏன்?"

"நீ போயிட்டா எனக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா? டீச்சர்கிட்ட உன்ன மட்டும் கூப்பிடச் சொல்லல. மூணு பேரையும் கூப்பிடச் சொன்னேன். அண்ணன் போனே எடுக்கல. அண்ணி மூணு மணிக்கு வந்தா. நீ பதினோரு மணிக்கெல்லாம் வந்து நின்ன." என் கையைத் தேடிப் பிடித்தாள். "நான் என்ன பண்ணுவேன் சொல்லு. பயமா இருந்துச்சு பாப்பா."

அவள் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்க முடியவில்லை. அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். பெற்றவளை வெறுத்தேன் என்று எழுதக் கூசுகிறது, ஆனால் வெறுத்தேன். கையை உதறிவிட்டு வெளியே போகலாம் என்றால், போய் நிற்க எனக்கு ஓர் இடம் தெரியவில்லை.

பிடித்த பிடியை அவள் விடவில்லை. இடது கையால் செருப்பைக் கழற்றினேன். அவளைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம் ஆகியிருந்தது. முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து, "இந்தப் பக்கம் வாம்மா," என்றேன்.