சூட்டோடு கழற்றிய பிளக்

பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். எஞ்சின் அனல் மெக்கானிக்கின் முகத்தில் அடித்தது. அவன் பிளக் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். பக்கத்தில் அவன் தங்கையின் கணவன், அந்த டாக்சியை ஓட்டுகிறவன், புது பிளக்குகள் இருந்த அட்டைப்பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆறட்டும் மாப்ள. அலுமினிய ஹெட்டு இது. சூட்டோட கழட்டினா திருகு மரையும் சேந்து வந்துடும்" என்றான் மெக்கானிக்.

"ஆற விட்டா அந்தாளு போன் பண்ணிடுவாரு மச்சான்."

அந்தாள் என்றது வண்டியின் முதலாளியை. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை அவர் ஒட்ட வைத்திருந்தார். வண்டி ஓடாமல் ஓரிடத்தில் நின்றால் அவருடைய போனில் அது கத்தும். அடுத்த நிமிஷம் டிரைவரின் போனில் அவர் கத்துவார். ஒன்றுக்குப் போவதென்றால்கூட சவாரி இறங்குகிற இடத்தில்தான் அவன் இடம் பார்த்து வைத்திருந்தான். ஷெட்டில் வண்டியை நிறுத்தி எஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதெல்லாம் நடக்கிற காரியமில்லை.

எஞ்சின் விட்டு விட்டு ஓடி மிஸ்ஸிங் அடிக்கிறது, மேடு ஏறினால் உலுக்குகிறது, பிளக் மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் அவன் சொல்லாத நாளில்லை. ஓடுகிறவரைக்கும் ஓட்டு என்று பதில் வந்தது. சவாரி ஏறிய ஒருவர் வண்டி உலுக்குவதாகப் புகார் கொடுத்தபோது மட்டும், ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் வண்டி கொடுத்தது தன் தப்பு என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். இன்னொரு புகார் வந்தால் வண்டி போய்விடும். அதனால்தான் டிரைவர் கைக்காசைப் போட்டு பிளக் வாங்கிக்கொண்டு மச்சானிடம் வந்து நின்றான்.

வண்டி போனால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். போன வருஷம் டிரைவர் வேலையில்லாமல் கிடந்தபோது, தங்கை எதையாவது சாக்கு வைத்துக்கொண்டு சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருவாள். ஒரு நாள் வந்தவள் கத்தரிக்கோல் கேட்டாள். மறுவாரமும் அதே கத்தரிக்கோலைத்தான் கேட்டாள். அண்ணனும் ஒன்றும் தெரியாதவன் போல, வந்ததுதான் வந்தாய், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்பான். அவள் தன் தட்டில் குறைவாகப் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு அள்ளி வைப்பாள்.

முதல் மூன்று பிளக்குகளும் அடம்பிடிக்காமல் வந்தன. கடைசிப் பிளக் அரைச் சுற்று திரும்பி அப்படியே இறுகிக்கொண்டது. மெக்கானிக் கையை எடுத்துவிட்டான். எண்ணெய் விட்டு ஊற வைத்தால்தான் சரிப்படும் என்றான். அந்த நேரம் பார்த்து டிரைவரின் போன் அடித்தது. சவாரிக்காரர் கடைக்குள் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார் என்று அவன் கூசாமல் ஒரு பொய்யை எடுத்து விட்டான். போனைப் பைக்குள் போட்டுவிட்டு மச்சானைப் பார்த்தான். மெக்கானிக் ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினான்.

பிளக் வந்துவிட்டது. அதன் பற்களுக்கு நடுவே பளபளவென்று அலுமினியம் சுற்றியிருந்தது, பென்சில் சீவிய சுருள் போல. மெக்கானிக் துளைக்குள் விரலை விட்டுத் தடவினான். மரை இருந்த இடம் மொழுமொழுவென்றிருந்தது. அதில் புது பிளக் நிற்காது. நின்றாலும் ஓடுகிற எஞ்சின் அதைத் துப்பிவிடும்.

கோபம் வந்தாலும் தங்கை கணவனை அவன் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. இப்போதோ, தெரிந்திருந்தும் செய்த தன் மேல்தான் அவனுக்கு ஆத்திரம்.

துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதற்குள் கம்பிச் சுருளைத் திருகி வைத்தால் பிளக் நிற்கும். மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று அவன் இறக்கினான். அலுமினியத் துகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வெளியே வரவேண்டும், சிலிண்டருக்குள் விழுந்தால் எஞ்சின் கெட்டுவிடும். எடுத்தான், துடைத்தான், மறுபடி கிரீஸ் அப்பினான். இதில் அவசரம் செல்லாது. போன் திரும்பத் திரும்ப அடித்தது. கடைசியில் டிரைவர் எடுத்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டான்.

முதலாளி வந்து இறங்கியபோது பிளக்குகள் எல்லாம் ஏறி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மிஸ்ஸிங் போய்ச் சீராக ஓடியது. அவரோடு தலை நரைத்த, நெட்டையான ஒருவரும் வந்திருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் அவர் ஷெட்டின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் முந்திக்கொண்டான். "கை வச்சது நான் சார். தப்பு என்னோடது. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க."

முதலாளி குனிந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டார். "தப்பா? வேலை சுத்தமா இருக்கே" என்றார். பிறகு டிரைவரிடம் திரும்பி, "வண்டிய நிறுத்திட்டு எங்கிட்டயே பொய் சொல்ற. சாவி வண்டியிலயே இருக்கட்டும், உன் சாமானை எடுத்துக்கோ" என்றார்.

டிரைவர் வண்டி உலுக்கியதைச் சொன்னான், பிள்ளைகளைச் சொன்னான், பிளக் வாங்கியது தன் காசு என்றும் சொன்னான். அவர் அதற்குள் மெக்கானிக்கின் பக்கம் போயிருந்தார். தன்னிடம் இன்னும் நிறைய வண்டிகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பிளக் மாற்ற வேண்டியிருக்கிறது, இனி இங்கேயே அனுப்பிவிடுகிறேன் என்றார்.

மெக்கானிக் தங்கை கணவனைப் பார்த்தான். வாடகைக்கு எடுத்த ஷெட்டு. உள்ளே வேறு ஒரு வண்டிகூட இல்லை. இனி இரண்டு வீட்டுக்கும் தான் ஒருவனே சம்பாதிக்க வேண்டும்.

"சூடு ஆறணும் சார்" என்றான் மெதுவாக. "காலையில விட்டா சாயங்காலம்தான் தர முடியும்."

"ஆறட்டுமே. எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிறுத்தி வச்சுக்கோங்க. வேலை நல்லா இருந்தா போதும்."

"சரிங்க சார்" என்றான் மெக்கானிக்.

நெட்டைக்காரர் டாக்சியின் டிரைவர் சீட்டில் ஏற முடியாமல் முழங்காலை மடக்கிக்கொண்டு திணறினார். தண்ணீர் பாட்டிலையும் துடைக்கும் துணியையும் கக்கத்தில் இடுக்கியிருந்த டிரைவர், அவர் காலடியில் மண்டியிட்டு, சீட்டுக்குக் கீழே இருந்த கம்பியைத் தூக்கிப் பிடித்து, சீட்டைப் பின்னால் தள்ளிக் கொடுத்தான்.